மில்லும் தொட்டிலும் அபின் உருண்டையும்: குடலைத் தூங்கவைத்த மருந்தின் கதை

எண்களை வைத்துப் பிழைப்பு நடத்துபவன் நான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், பீஸ் ரேட், ஷிப்ட் கணக்கு பார்க்கும் மென்பொருள் எழுதுவது வேலை. ஒரு ரிப்போர்ட்டில் 98 சதவீதம் என்று வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். யாரோ ஃபில்டரைத் தப்பாப் போட்டிருக்காங்க என்றுதான் நினைப்பேன்.

1922-ல் பம்பாய் அரசின் லேபர் கெசட்டில் வெளியான ஓர் அறிக்கையில் அப்படி ஓர் எண் இருக்கிறது. பம்பாய் மில்களில் வேலை செய்யும் பெண்களின் பேறுகால நிலைமையை ஆராய அரசு ஒரு பெண் மருத்துவரை நியமித்தது. பெயர் டாக்டர் பார்ன்ஸ். ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளில் 98 சதவீதத்துக்கு அபின் கொடுக்கப்படுகிறது என்று அவர் எழுதினார்.

மருந்தாகக் கொடுத்ததில்லை. அம்மா மில்லுக்குப் போய்த் திரும்பும்வரை குழந்தை அழாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சின்ன உருண்டை. 'பால கோலி' என்று பெயர். மாத்திரை என்று சொன்னாலும் உள்ளே இருந்தது அபின். அன்றைக்கு அபின் லைசென்ஸ் கடையில் கிடைத்த சரக்கு, அரசுக்கு வருமானமும் தந்த சரக்கு. இதற்கெல்லாம் கால் நூற்றாண்டு முன்பே, 1893-ல் அமைந்த ராயல் ஓபியம் கமிஷன் மேற்கு இந்தியாவில் குழந்தைகளுக்கு அபின் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றிச் சாட்சியம் கேட்டிருக்கிறது. 1895 அறிக்கையில் இந்திய அபின் பழக்கத்தைப் பெரிய தீங்காக அது பார்க்கவில்லை.

98 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் இரண்டு தொட்டிலுக்கு ஒன்று என்று கணக்கு வருகிறது. இது பம்பாய்க்காரர்களின் விநோதப் பழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. ஏனென்றால் இதே கதை எண்பது வருஷம் முன்பே இன்னோர் ஊரில் நடந்திருக்கிறது. அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் தொழில் உறவு உண்டு.

நாட்டிங்ஹாம். பின்னலாடைத் தொழிலின் தாய்வீடு என்று சொல்லலாம். கைப்பின்னலை மெஷினுக்குக் கொண்டுவந்த வில்லியம் லீ 1589-ல் தன் பின்னல் சட்டத்தை உருவாக்கியது அந்த ஊருக்குப் பக்கத்தில் கால்வெர்ட்டன் என்ற கிராமத்தில். இன்றைக்குத் திருப்பூரில் சுற்றும் ஒவ்வொரு நிட்டிங் மெஷினுக்கும் அதுதான் முப்பாட்டன். 19-ஆம் நூற்றாண்டில் நாட்டிங்ஹாம் லேஸுக்கும் பேர்போன ஊர். லேஸ் துணியில் ஊசி வேலை செய்யும் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு விடிகாலையிலிருந்து ராத்திரிவரை தைத்தார்கள். கையை எடுத்தால் காசு போச்சு. குழந்தை அழுதால் என்ன செய்வது?

'காட்ஃப்ரேஸ் கார்டியல்' கொடுத்தார்கள். வெல்லப்பாகு மாதிரியான ட்ரீக்கிள், தண்ணீர், கொஞ்சம் வாசனைச் சரக்கு, அதில் அபின். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் குழந்தைத் தொழிலாளர் கமிஷன் 1843-ல் வெளியிட்ட அறிக்கையில், நாட்டிங்ஹாம் பகுதியை விசாரித்த கிரெய்ஞ்சர் என்ற மருத்துவர் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். எங்கெல்ஸும் 1845-ல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றி எழுதிய நூலில் இந்த கார்டியலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கடைக்குக் கடை அபின் அளவு மாறும். பாட்டிலைக் குலுக்காமல் வைத்தால் அபின் அடியில் தங்கிவிடும். முதல் நாளெல்லாம் ஒரு கரண்டியில் சிணுங்கிக்கொண்டே தூங்கிய குழந்தை, பாட்டில் தீரும் நாளில் அதே ஒரு கரண்டியில் எழுந்திருக்காமலே போகலாம்.

இப்படி அளவு மீறி இறந்த குழந்தைகள் ஒரு பக்கம். ஆனால் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது வேறொரு குழந்தை. சாகவில்லை, ஆனால் வளரவுமில்லை. தோல் சுருங்கி, வயசான முகத்தோடு, பாலைக் கொடுத்தாலும் குடிக்காமல் கிடக்கும் குழந்தை. மருந்து மூளையைத் தூங்கவைக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குழந்தையைப் புரிந்துகொள்ள முடியாது. தூங்கி எழுந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாகத்தானே பசிக்கணும்? பதில் தலையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

நம் குடலுக்குத் தனியாக ஒரு நரம்பு மண்டலம் உண்டு. பேச்சுக்குச் சொல்லவில்லை. குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நரம்பு வலை பரவியிருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் லியோபோல்ட் அவுவர்பாக் கண்டார். அதற்கும் உள்ளே, உட்சவ்வுக்கு அடியில் இருக்கும் இன்னொரு வலையை மைஸ்னர் கண்டார். இரண்டிலும் சேர்த்துப் பத்து கோடிக்கும் மேலான நரம்பு செல்கள். 1899-ல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேர் வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். குடல் தன்பாட்டுக்கு உணவை முன்னே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், மெயின் சர்வர் இணைப்பு போனாலும் லோக்கலில் ஓடும் சிஸ்டம். 1921-ல் லாங்லி என்ற உடலியல் அறிஞர் இதைத் தனி மண்டலமாகவே பிரித்து எழுதினார்.

அந்தத் தள்ளல் எப்படி நடக்கிறது? வட்ட நிட்டிங் மெஷினைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். மேலே ஊசிகள் பின்னிக்கொண்டே இருக்கும், குழாய் மாதிரி துணி இறங்கும், கீழே உருளைகள் அதை ஒரே சீராக இழுத்துச் சுற்றும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ரோல் வரும். குடலும் ஒரு குழாய்தான். உணவுக்கவளம் சுவரைத் தொட்டதும் நரம்பு செல்கள் உணர்ந்து, கவளத்துக்குப் பின்னால் இருக்கும் தசையைச் சுருங்கச் சொல்கின்றன. அந்த ஆணையைக் கொண்டுபோகும் முக்கியமான வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். அதே நேரத்தில் கவளத்துக்கு முன்னால் இருக்கும் தசையைத் தளரச் சொல்கின்றன. அந்தச் செய்தியை நைட்ரிக் ஆக்சைடு முதலான வேறு பொருள்கள் கொண்டுபோகின்றன. பின்னால் பிடி, முன்னால் விடு. இந்த ஒழுங்கு இருந்தால்தான் நகர்வு.

அபினில் இருக்கும் மார்ஃபின் கைவைப்பது இங்கேதான். மூளையில் வலியையும் விழிப்பையும் அடக்க மார்ஃபின் எந்த ஏற்பியில் ஒட்டுகிறதோ, அதே மியூ ஏற்பி குடல் நரம்பு செல்களிலும் இருக்கிறது. ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழி அடைபடுகிறது, பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கிறது. செல் மந்தமாகிறது. அசிட்டைல்கோலின் வெளிவருவது குறைகிறது. பின்னாலிருந்து தள்ளும் வேலை நின்றுபோகிறது. முன்னால் தளரச் சொல்லும் செல்களும் சேர்ந்தே அடங்கிவிடுவதால் தசை வளையங்கள் இறுக்கமாக நிற்கின்றன. ஆக, குடல் துவண்டு போகவில்லை. இறுகிப்போய், இடத்தைவிட்டு எதையும் நகர்த்தாமல் நிற்கிறது. உள்ளே கிடக்கும் பண்டத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். உட்சவ்வு வலையும் மந்தமாவதால் குடலுக்குள் நீர் சுரப்பதும் குறையும். மலம் கல்லாகிவிடும். இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகும்.

காலியாகாத வயிற்றில் பசி எங்கிருந்து வரும்? பம்பாய்க் குழந்தைக்கும் நாட்டிங்ஹாம் குழந்தைக்கும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மேலே மூளை அழுகையை நிறுத்திவிட்டது, கீழே குடல் பசியை நிறுத்திவிட்டது. அழாத குழந்தைக்கு யாரும் பால் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தாலும் அது குடிக்கப்போவதில்லை. போதாததற்கு, பச்சிளம் குழந்தையின் ஈரல் மார்ஃபினைக் கழிக்கும் வேகம் பெரியவர்களைவிடக் குறைவு. ஒரு உருண்டை வெகுநேரம் நிற்கும்.

அந்தத் தாய்மார்கள் ஏன் இதை நம்பினார்கள் என்பதற்கும் குடலிலேயே விடை இருக்கிறது. அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. தாய்ப்பால் கிடைக்காமல் பகல் முழுக்கக் கஞ்சித்தண்ணீரிலும் கெட்ட பாலிலும் இருக்கும் குழந்தைக்கு அடிக்கடி பேதியாகும். அபின் கொடுத்தால் பேதி நிற்கும். கண்ணுக்கு நேரே நிற்கும். அழுகையும் நிற்கும். ஒரே உருண்டையில் இரண்டு பலன். இதில் இன்னொரு கொடுமை, மருந்தின் வேகம் இறங்கியதும் நடப்பது. பழகிப்போன நரம்பு செல்கள் திடீரென்று கட்டவிழ்ந்து துள்ளும். வயிற்றுப்பிடிப்பு, பேதி, வீரிட்ட அழுகை. அடுத்த உருண்டை கொடுத்ததும் எல்லாம் அடங்கும். இதைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் 'புள்ளைக்கு இந்த மருந்து தேவைப்படுது' என்றுதானே தோன்றும்?

இந்தத் துள்ளலைப் பிற்காலத்தில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே பார்த்திருக்கிறார்கள். மார்ஃபினில் ஊறிய கினிப்பன்றிக் குடல் துண்டின்மேல் அதன் எதிர்மருந்தான நலோக்சோனை விட்டால், மூளையே இல்லாத அந்தத் துண்டு சுருங்கித் துடிக்கும். போதையை விட்டவனின் தவிப்பு, வெறும் குடலில்.

கினிப்பன்றிக் குடல் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் வலி மருந்துகளின் வரலாற்றில் அந்தக் குடல் துண்டுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். 1917-ல் ஜெர்மானியர் பால் ட்ரெண்டலென்பர்க் அதைக் குடுவையில் தொங்கவிட்டுத் தள்ளல் அசைவைப் பதிவு செய்தார். மிகக் கொஞ்சம் மார்ஃபின் அதை நிறுத்திவிடுவதையும் காட்டினார். 1957-ல் இங்கிலாந்தில் வில்லியம் பேட்டன் அதே குடலுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து, மார்ஃபின் இருக்கும்போது அசிட்டைல்கோலின் வெளிவருவது குறைகிறது என்று அளந்து காட்டினார். மார்ஃபின் தசையைத் தொடவில்லை, நரம்பைத்தான் தொடுகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியைவிட்டு ஸ்காட்லாந்து போன ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ், அபெர்டீனில் இந்தக் குடலையே தராசாக்கினார். எந்த மருந்து குடலை எவ்வளவு அடக்குகிறதோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு மனிதருக்கு வலியையும் அடக்கியது. அவரும் ஜான் ஹ்யூஸும் 1975-ல் நம் உடலே சுரக்கும் அபின் போன்ற பொருளைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தபோது, கையில் இருப்பது அதுதானா என்று சோதிக்க உதவியவை சுண்டெலியின் விந்துக்குழாயும் இந்தக் கினிப்பன்றிக் குடலும்தான். அதற்கு 'தலைக்குள் இருப்பது' என்று பொருள்பட என்கெஃபலின் என்று கிரேக்கப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது குடல் நரம்புகளிலும் இருந்தது.

பேதியை அபினால் நிறுத்தும் பழக்கத்துக்கு இந்தியாவோடு இன்னொரு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்த ஜான் காலிஸ் பிரவுன் காலராவுக்காக ஒரு கலவை செய்தார். அபின் டிஞ்சர், கஞ்சா டிஞ்சர், குளோரோஃபார்ம். 'குளோரோடைன்' என்ற பெயரில் லண்டன் மருந்துக்காரர் டேவன்போர்ட் அதை உலகமெல்லாம் விற்றார். மூன்றும் மயக்கும் சரக்குகள். குடித்தவர் வலி தெரியாமல் கிடந்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காலராவில் ஆளைக் கொல்வது குடலின் ஓட்டம் கிடையாது, உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர். கல்கத்தாவில் சம்பு நாத் தே 1959-ல் இதைத் தெளிவாக்கினார். காலராக் கிருமி வெளிவிடும் நஞ்சு குடல் உட்சவ்வைத் தண்ணீர் கொட்டவைக்கிறது என்று முயல் குடலில் காட்டினார். குடலை அசையாமல் கட்டிப்போட்டால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தேங்கும், அவ்வளவுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரைக் கொடுத்து, 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். குடலின் நரம்பை அவர் தொடவே இல்லை.

மூளைக்குப் போகாமல் குடலில் மட்டும் வேலை செய்யும் அபின் கிடைத்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியைத் துரத்தியவர் பெல்ஜியத்தின் பால் ஜான்சென். 1956-ல் டைஃபினாக்ஸிலேட். 1969-ல் லோபரமைடு. நீங்கள் மெடிக்கலில் போய் "அண்ணா, லூஸ் மோஷனுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த லோபரமைடுதான். அதே மியூ ஏற்பியில்தான் இதுவும் ஒட்டுகிறது. மூளையின் வாசலில் ஒரு புரதம் உட்கார்ந்து இதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவதால் சரியான அளவில் தூக்கம் வருவதில்லை. பஸ்ஸில் போகிற பெரியவர்களுக்கு ஒருநாள் சமாளிக்க நல்ல மருந்து. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடக்கூடாது. வெளியே போகவேண்டிய கிருமியைக் குடலுக்குள் பூட்டிவைத்தது மாதிரி ஆகிவிடும்.

குழந்தைகளுக்கு? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். குழந்தைகளுக்கான லோபரமைடு சொட்டு மருந்து பாகிஸ்தானில் விற்றது. குடல் முற்றிலும் அசைவிழந்து வயிறு உப்பிக் கைக்குழந்தைகள் இறந்த செய்தி 1990-ல் மருத்துவ இதழ்களில் வந்தது. அதே வருஷம் கம்பெனி அந்தச் சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்றது. பால கோலிக்கும் இதற்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு வேதியியல் வளர்ந்திருக்கிறது. குழந்தையின் குடல் நரம்பு அப்படியேதான் இருக்கிறது.

மார்ஃபினை நான் வில்லனாக்கவில்லை என்பதையும் சொல்லிவிடணும். புற்றுநோய் வலிக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அங்கேயும் குடல் தன் கணக்கைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. மயக்கத்துக்கு மூளை சில நாட்களில் பழகிவிடும், மலச்சிக்கலுக்குப் பெருங்குடல் லேசில் பழகாது. அதனால்தான் மார்ஃபின் எழுதும் மருத்துவர் கூடவே மலமிளக்கியும் எழுதுவார். எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இனி எங்கள் ஊர். திருப்பூரில் தொட்டில் குழந்தைக்கு அபின் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்து உரைமருந்தில் ஜாதிக்காயும் வசம்பும் உண்டு, அது வேறு கட்டுரை. இங்கே இப்போது நான் பார்ப்பது சளி சிரப். சளி இல்லாவிட்டாலும் 'ராத்திரி நல்லாத் தூங்கும்' என்று ஒரு மூடி ஊற்றுவது. அதில் தூக்கம் தருவது அலர்ஜி மருந்து. இந்த வகையில் பழைய மருந்துகள் பல அசிட்டைல்கோலினைத் தசை பெற்றுக்கொள்ளும் இடத்தில் மறிப்பவை. அபின் கடிதத்தைப் போஸ்ட் செய்யவிடாமல் தடுக்கிறது, இவை வீட்டுக்கு வந்த கடிதத்தை வாங்கவிடாமல் தடுக்கின்றன. குடலுக்கு முடிவு ஒன்றுதான், மந்தம். வயிற்றுவலிக்கு என்று ஊற்றும் டைசைக்ளோமின் சொட்டு மருந்தும் இந்த ரகமே. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது கூடவே கூடாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள்.

பம்பாயில் அபினைத் தள்ளிவைக்க அதைத் தடைசெய்வது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் 1929-ல் வந்தது. விட்லி கமிஷன் 1931-ல் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றது. 1976-ல் அந்த எண் 30 ஆனது. மருத்துவம் சாராத அபின் பழக்கத்துக்கு நாடு முழுக்க முடிவு கட்டியது 1959-ல்தான்.

30 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் ஜாப் ஒர்க் யூனிட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன. எட்டு பவர் டேபிள், நாலு ஓவர்லாக், செக்கிங்குக்கு ஐந்தாறு பெண்கள், கைமடிக்கு இரண்டு பேர். இப்படிப்பட்ட ஷெட்டுகள் எத்தனையோ. எதிலும் 30 வராது. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே. மூன்று மாதக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் நாலு முதல் ஆறு தடவை. நான் எழுதிக் கொடுக்கும் ஷிப்ட் மென்பொருளில் டீ பிரேக்குக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இந்த நாலு முதல் ஆறு தடவைக்கு ஒரு கட்டம் போடச் சொல்லி இதுவரை எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை.